ஒரே ஃபாரத்தில் மூன்று பெயர்

நாளைக்குக் கப்பல் போகுமா போகாதா என்று சொல்வதற்கு அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஓர் அலுவலகம் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது, ரேடியோ வேறு இருக்கிறது. இத்தனை இருந்தும் ஜனங்கள் முத்துகிருஷ்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜம்புலிங்கத்திடம்தான் வந்து கேட்பார்கள். பலகையில் ‘வானிலையைப் பொறுத்தது’ என்று எழுதியிருக்கும். ஜம்புலிங்கம் அப்படி வழவழவென்று பேசுகிற ஆள் இல்லை. போகும் என்பார், இல்லாவிட்டால் போகாது என்பார். பெட்டியும் பையுமாக நிற்கிற மனுஷனுக்கு வேண்டியது அதுதானே!

முப்பத்துநாலு வருஷம் அதே ஜெட்டியில் கயிறு பிடித்தவர் அவர். கப்பல் கரையை ஒட்டும்போது மேலேயிருந்து வீசுகிற கயிற்றை இழுத்து இரும்புக் குற்றியில் மாட்டுவது, புறப்படும்போது கழற்றிவிடுவது, இதுதான் வேலை. ரிட்டயராகி மூன்று வருஷமாகிறது. ஆனாலும் காலையில் கராச்சர்மாவில் பஸ் ஏறி, எட்டு மணிக்கெல்லாம் பெஞ்சுக்கு வந்துவிடுவார். வெளியாட்களிடம் கேட்டால் “இன்னும் என்னை ஆலோசனைக்குக் கூப்பிடுறாங்க” என்பார். யார் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

கப்பல் விஷயத்தில் அவருடைய சாஸ்திரம் வெங்காயம். கப்பலின் சமையல்காரர் ஒரு மூட்டை வெங்காயத்தோடு ஏறினால் கப்பல் தீவுகளுக்குள் சுற்றும். நாலைந்து மூட்டை ஏறினால் மேன்லேண்ட் போகும். வெங்காயமே வரவில்லையா, கப்பல் அசையாது. பத்துக்கு ஆறு தடவை இது பலித்துவிடும். ஒரு முறை சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்து வெங்காயம் வாங்கப் போகவில்லை. “கப்பல் போகாது, வீட்டுக்குப் போங்க” என்று நாற்பது பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார் ஜம்புலிங்கம். கப்பல் பாட்டுக்கு ஊதிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அந்த நாற்பது பேரும் சண்டைக்கு வந்தபோது அவர் அசரவே இல்லை. “நான் சொன்னது சரிதான். அவன்தான் வெங்காயம் இல்லாம போயிட்டான். சாப்பாட்டுக்கு என்ன பண்ணானோ!” என்று கப்பலுக்காகக் கவலைப்பட்டார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. டிக்கெட் கவுண்டரின் சுவரோரமாக எந்நேரமும் ஐந்தாறு ஆண்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். கப்பலுக்குக் கயிறு மாட்டுகிற இடத்திலிருந்து இதை வருஷக்கணக்காகப் பார்த்தவர், மேன்லேண்டிலிருந்து வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்வார்: “நம்ம அந்தமான் ஆம்பளைங்க மாதிரி பிள்ளைங்களைத் தூக்கி வளர்க்கிறவன் உங்க ஊர்ல ஒருத்தன் கிடையாது.” கவுண்டர் பக்கம் அவர் போய் நின்றதே இல்லை. அவர் குடும்பத்துக்கு வேண்டிய டிக்கெட்டை, கூட வேலை பார்த்த நந்தகுமார் வரிசையில் நின்று வாங்கி வந்து கொடுத்துவிடுவான். இவர் அவனுக்கு ஒரு டீ வாங்கித் தருவார்.

இப்பேர்ப்பட்ட ஜம்புலிங்கத்தின் ஒரே மகள் மீனா. அபர்டீன் பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லாங் ஐலண்டில் வாத்தியாராக இருக்கும் ஹரிஹரனை அவளுக்குப் பேசி, பையன் வீட்டார் வந்து பூ வைத்து, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மீனா அந்தப் புடவையை பீரோவிலிருந்து தினம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள், மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பாள். 

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “அண்ணா, பேனா இருக்கா?” என்று ஓர் இளம்பெண் கேட்டாள். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவர் அவர். ஒன்றைக் கொடுத்தார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து டிக்கெட் ஃபாரம் எழுதினாள். அடுத்தவர் எழுதுவதைப் பார்ப்பது தப்புதான். ஆனால் பேனா நம்முடையது இல்லையா? பார்த்தார். ரூபா, வயது இருபத்தாறு. ஹரிஹரன் என்று எழுதியவள் சட்டென்று நிமிர்ந்து, தூரத்தில் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஹரிஹரன்! வயசு இருபத்தொன்பதுதானே?”

“ஆமா!” என்று பதில் வந்தது.

அதற்குக் கீழே கைக்குழந்தை ஒன்று என்று எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அட, நம்ம மாப்பிள்ளை பெயர், நம்ம மாப்பிள்ளை வயசு என்று சந்தோஷமாக அந்தப் பக்கம் திரும்பியவர் டீ கிளாஸோடு அப்படியே உறைந்துபோனார். சுவரோரமாக நின்றவன் நம்ம மாப்பிள்ளையேதான்! இடுப்பில் குழந்தை. தோளில் பூப்போட்ட பெண்பிள்ளைப் பை. குழந்தை அவன் மூக்கைப் பிடித்து இழுக்கிறது, அவன் சிரிக்கிறான்.

வேறு யாராக இருந்தாலும் நேரே போய் “என்ன தம்பி, இங்கே?” என்று கேட்டிருப்பார்கள். ஜம்புலிங்கம் முத்துகிருஷ்ணனின் பால் கேனுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஆலோசனைக்குக் கூப்பிடப்படுகிற மனிதர் காலை ஒன்பது மணிக்கு லுங்கியோடு டீக்கடையில் இருப்பதை மாப்பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. தலையைத் தூக்கியபோது மூன்று பேரையும் காணவில்லை.

“முத்து, ஒரு விஷயம் கேட்கிறேன், பேரு கேட்காதே” என்றார் மெல்ல. “ஒருத்தன் இருக்கான். அவன் பேரு, ஒரு பொண்ணு பேரு, ஒரு கைக்குழந்தை. மூணும் ஒரே டிக்கெட் ஃபாரத்துல. என்ன அர்த்தம்?”

“இதுல அர்த்தம் என்னண்ணே அர்த்தம்? குடும்பம்!” என்றார் முத்துகிருஷ்ணன், டீயை ஆற்றிக்கொண்டே.

“அவ அவனைப் பேரு சொல்லிக் கூப்பிடுறா.”

“இப்ப எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுது.”

பெஞ்சில் இருந்த மீன் காண்டிராக்டர், “அக்காவா இருக்கும் பாய்” என்றார். “கூடப்பிறந்தவங்க யாருமே கிடையாது, தரகர் சொன்னார்” என்றார் ஜம்புலிங்கம். “அப்ப பக்கா ஷாதி ஆயிடுச்சு” என்று காண்டிராக்டரும் கட்சி மாறினார். மதியத்துக்குள் ஜெட்டி இரண்டாகப் பிரிந்தது. கல்யாணமாகிவிட்டது என்று ஒரு கட்சி, ஆகாமலேயே குழந்தை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் கைகலப்பு வராத குறை. பெயரைச் சொல்லாமல் விட்டதால் ஆளாளுக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரே ஜம்புலிங்கத்திடம் அந்தக் கதையைச் சொன்னான். அதில் குழந்தைகள் இரண்டாகியிருந்தன.

வீட்டுக்குள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீனா புடவையை எடுத்துப் பார்க்கும்போது இவர் வாசலுக்குப் போய்விடுவார். ஊரிலுள்ள கப்பலுக்கெல்லாம் ஜோசியம் சொன்னவன் சொந்த மகள் விஷயத்தில் ஏமாந்துவிட்டேனே என்று நொந்துகொண்டார். இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சோறு இறங்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார்.

மனைவி செல்லம் இதையெல்லாம் கவனித்தாள். சாப்பிடமாட்டேன் என்கிறார், தூங்குவதில்லை, பெருமூச்சு விடுகிறார், தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறார். பக்கத்து வீட்டு இந்திராணியிடம் கேட்டாள். “அக்கா, இது சுகரேதான். எங்க மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றாள் இந்திராணி. அன்றிலிருந்து அவர் காபியில் சர்க்கரை நின்றது. மூன்று வேளையும் பாகற்காய். மனசு சரியில்லாவிட்டால் நாக்குக்கூடக் கசந்துபோகும்போல என்று நினைத்துக்கொண்டு ஜம்புலிங்கமும் அந்தக் காபியைக் குடித்தார்.

ஒன்பதாம் நாள் முடிவுக்கு வந்தார். இதைப் போனில் பேசக்கூடாது. லாங் ஐலண்டுக்கு நேரில் போய், பையனின் அப்பா முகத்துக்கு நேரே புடவையை வைத்துவிட்டு, “உங்க சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் படகுக்கு இன்றைக்கே டிக்கெட் வாங்க வேண்டும். புடவையை வீட்டில் வைத்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, செல்லம் குளிக்கப் போன நேரம் பார்த்து பீரோவைத் திறந்தார். புடவையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் இந்திராணி இருந்தாள். “எங்கண்ணே, இவ்வளவு ஜோரா?” “ஒரு வேலைம்மா” என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பையின் ஓரத்தில் ஜரிகை எட்டிப் பார்த்தது. இந்திராணி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி செல்லத்துக்குப் போன் போட்டாள்.

ஜெட்டியில் அவருக்கு முதல் அடி விழுந்தது. நந்தகுமாருக்கு கேம்ப்பெல் பே துறைமுகத்துக்கு மாற்றலாகி ஒரு மாதமாகிறதாம். ஜெட்டிச் செய்தி நிலையமான ஜம்புலிங்கத்துக்கே இந்தச் செய்தி வரவில்லை! வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் வரிசையில் போய் நின்றார். முன்னால் அறுபது பேர். ஒரு மணி நேரத்தில் நாலு அடி நகர்ந்தார். பக்கத்தில் பெண்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர்தான், அது கடகடவென்று நகர்ந்தது. மேகம் கறுத்து, தூறல் வேறு பிடித்துக்கொண்டது.

அப்போது ஒரு பெங்காலிப் பெண், இடுப்பில் குழந்தையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அங்கிள், டிக்கெட் சாஹியே? இஸ்கோ ஸரா பகடியே. ஆப்கா பீ லே லூங்கி.” குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள், உங்களுக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன் என்கிறாள். அவர் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அவர் கையில் இருந்தது. அதன் பால்பாட்டில் பை அவர் தோளில் இருந்தது. “நாம்?” என்று பெயர் கேட்டாள். “ஜம்புலிங்கம்.” எழுதிக்கொண்டாள். பெண்கள் வரிசைக்குப் போய் நின்றவள் அங்கிருந்து வயசு கேட்டுக் கத்தினாள்: “அங்கிள்! உமர் கித்னா?”

“சிக்ஸ்டி த்ரீ!” என்று இவரும் கத்தினார்.

கத்திய வாய் மூடவில்லை. ‘வயசு இருபத்தொன்பதுதானே?’ எந்தப் பெண்டாட்டி புருஷனின் வயசைக் கூட்டத்தில் கூவிக் கேட்பாள்? சுவரோரமாகத் திரும்பிப் பார்த்தார். ஆறு ஆண்கள் ஆளுக்கொரு குழந்தையோடு நின்றார்கள். ஒருவனுக்குக்கூடக் குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் மூட்டை பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். அழுகிற பிள்ளையிடம் ஒருவர் “தேரா நாம் கியா ஹை?” என்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருஷமாக அந்தமான் தகப்பன்மார்களின் பாசம் என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசியது, டிக்கெட் பாசம்!

“அடப்பாவி ஜம்புலிங்கம்!” என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அந்த நிமிஷம் வந்த நிம்மதியில் குழந்தைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்தார். மாப்பிள்ளை நல்லவன்! மகள் வாழ்க்கை தப்பியது! யாருக்கும் தெரியாமல் புடவையை பீரோவில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

தூறல் அப்போதுதான் மழையாக மாறித் தொலைத்தது. ஓடிப்போய்க் கூரைக்குக் கீழே ஒண்டினார். சாரல் விடவில்லை. குழந்தை நனைந்து வீறிட்டு அழுதது. துண்டு இல்லை, குடை இல்லை. பையில் உலர்ந்த துணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு கணம் யோசித்தார். பச்சைப்பிள்ளை ஆயிற்றே! மாம்பழ நிறப் புடவையை உருவி, குழந்தையைச் சுற்றினார். குழந்தை அழுகையை நிறுத்தியது. வெதுவெதுவென்று ஏதோ ஒன்று புடவை வழியாக அவர் சட்டையில் இறங்கியது.

“லீஜியே, ஹோ கயா!” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஃபாரத்தையும் டிக்கெட்டையும் அவரிடம் நீட்டினாள். சரியாக அதே நேரத்தில், “என்னங்க!” என்று ஒரு குரல் கேட்டது. செல்லம் நின்றிருந்தாள். பக்கத்தில் குடையோடு மீனா.

செல்லம் குழந்தையைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். ஃபாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். மூன்று பெயர், ஒரே ஃபாரம்.

“சுகர்னு நினைச்சு பாகற்காய் வதக்கிப் போட்டேனே! இதுக்கா சோறு இறங்கலை உங்களுக்கு? இந்த வயசுலயா!”

“ஐயோ, இல்ல செல்லம். டிக்கெட்டுக்காகப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்.”

“டிக்கெட்டுக்குப் பட்டுப்புடவை எதுக்கு?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெங்காலிப் பெண் விஷயம் புரியாமல், “ஆண்ட்டிஜி, அங்கிள் பஹுத் அச்சே ஹைன்” என்று நற்சான்று வேறு கொடுத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். டீக்கடையில் எல்லோரும் டீயை மறந்து எழுந்து நின்றார்கள். வேறு வழியே இல்லை. நனைந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, பால் கேனிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார் ஜம்புலிங்கம்.

“லேடீஸ் லைன்ல நின்னாளா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமாண்ணே!” என்று முத்துகிருஷ்ணன் அங்கிருந்தே கத்தினார். “நீ கேட்டியாடா?” என்று இவரும் பதிலுக்குக் கத்தினார்.

மீனா முதலில் சிரித்தாள். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஹரிஹரனும் அந்தக் குழந்தையும். கீழே அவன் எழுதியிருந்தான்: ‘ஒருத்தங்க டிக்கெட் வாங்கித் தர்றாங்க. அவங்க பிள்ளை என் பேண்ட்டை நனைச்சிருச்சு.’ தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை.

“அன்னைக்கு அவர் என்னைப் பார்க்கத்தான்ப்பா வந்தார்” என்றாள். “நம்ம அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தார்.” அப்புறம்தான் அவளுக்குப் புடவை எதற்காக இங்கே வந்தது என்று உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. “இதைத் திருப்பிக் கொடுக்கவா எடுத்துட்டு வந்தீங்க?”

ஜம்புலிங்கம் தலையை ஆட்டினார்.

“ஜெட்டியில இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் கேட்டிருக்கீங்க. ஒன்பது நாளா நான் வீட்லதானே இருந்தேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையாப்பா?” அவள் கண் கலங்கியது.

அவரால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செல்லத்தின் பக்கம் திரும்பி, “உனக்குத் தெரிஞ்சிருக்கே. என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார்.

செல்லம் டீக்கடையைக் காட்டினாள். பெஞ்சு நிறைய ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். “உங்ககிட்ட சொன்னா இவங்க அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரி. மாப்பிள்ளை படகு ஏறுறதுக்குள்ள அவங்க அம்மாவுக்குச் சேதி போயிருக்கும். அதான் சொல்லலை.” கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஊரே செய்தி கேட்க வருகிற மனுஷனுக்கு, சொந்த வீட்டில் யாரும் செய்தி சொல்வதில்லை. இத்தனை வருஷமாக அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

அன்று ராத்திரி ஹரிஹரனே போன் பண்ணினான். மீனா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். “மாமா, எனக்கு பேண்ட்டோட போச்சு. உங்களுக்குப் புடவை வரைக்கும் போயிருச்சாமே!” என்று சிரித்தான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த ஜம்புலிங்கத்தை அவன் கேட்கவே விடவில்லை. அந்த ஃபாரத்தை செல்லம் பீரோவில் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். ‘எனக்குத் தெரியும்’ என்று அவர் ஆரம்பித்தால் போதும், சாவியை எடுத்து ஆட்டுவாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலை மூன்று பேரும் லாங் ஐலண்டுக்குப் படகு ஏற ஜெட்டிக்கு வந்தார்கள். சலவைக்குக் கொடுத்தும் புடவையின் ஒரு ஓரத்தில் லேசாகக் கறை இருந்தது. உள்மடிப்பில் போய்விடும் என்று மீனா சொல்லிவிட்டாள். பெட்டிகளோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆள் ஓடிவந்தார். “அண்ணே, நாளைக்கு ரங்கத் கப்பல் போகுமா? சொல்லுங்க, அதை வெச்சுத்தான் டிக்கெட் எடுக்கணும்.”

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் சமையல்காரர் ஒரு மூட்டை வெங்காயத்தோடு கப்பல் ஏறியதை ஜம்புலிங்கம் தன் கண்ணால் பார்த்திருந்தார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்லம் அவரைப் பார்த்தாள். மீனா பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது தம்பி” என்றார். “கவுண்டர்ல கேளுங்க.”

மீனா நகர்ந்து வந்து அப்பாவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து இருபது நாளாகியிருந்தது. ஜம்புலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார் முத்துகிருஷ்ணன். அவருக்கு ‘தெரியாது’ என்றது கேட்டது, கண்ணைத் துடைத்தது தெரிந்தது. படகு புறப்பட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜம்புலிங்கம் அண்ணனுக்கு உடம்புக்கு ரொம்ப முடியவில்லை, லாங் ஐலண்டுக்கு ஏதோ வைத்தியத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற சேதி கராச்சர்மா பஸ்ஸில் ஏறிவிட்டது.